அண்ணனின் வேனில் ஓர் இரைச்சல்

பழுது ரேடியோவில்தான் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அண்ணன் நம்பினார். அண்ணி நம்பினார். மாடி அறையில் வாடகைக்கு இருந்த முத்துலட்சுமி நம்பினாள். நானும் நம்பினேன். நம்புவதற்கு நியாயம் இருந்தது. அந்த ரேடியோ உண்மையாகவே இரைந்தது.

பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலை நினைவுக்கு வருகிறது. வீட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் வேன் நிற்கிறது. கதவுகள் எல்லாம் திறந்திருக்கின்றன. ஈரம் உலராத ரெக்சின் இருக்கைகளின் வாடையும், முந்தைய நாள் மல்லிகையின் வதங்கிய வாசமும், டீசலும் கலந்து தெருவுக்கு வருகின்றன. அண்ணன் சாவியைத் திருப்புகிறார்.

ரேடியோ பேசத் தொடங்கியது. ஆனால் அறிவிப்பாளரின் குரலுக்கு முன்னால் இரைச்சல் வந்து நின்றுகொண்டது. கூர்ந்து கேட்டால் அதில் இரண்டு இருந்தன. ஒன்று, காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல ஓயாத படபடப்பு. மற்றொன்று, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க மேலே ஏறி, காலை எடுத்தால் கீழே இறங்கும் மெல்லிய ஊளை.

"கேக்குதா? இதான். இத்த அமுக்கணும்னா சவுண்டை ஏத்தித்தான் ஆவணும்" என்றார் அண்ணன்.

ஏற்றினார். மரத்திலிருந்த காகங்கள் பறந்தன.

"இன்னாய்யா, தெருவுல திருவிழாவா நடக்குது?" என்று உள்ளிருந்தே அண்ணி கேட்டார். "ரேடியோ பாடலன்னா உன் வண்டி ஓடமாட்டேன்னு சொல்லுதா?"

ரேடியோவா, காதா?

இத்தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காக ஒரு சொல். என் கணவர் மறைந்த பிறகு நான் ஏகாம்பரம் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். ஊர்ப்புற நூலகத்தில் எனக்கு வேலை. அண்ணன் சொந்தமாக வேன் வைத்து, வாலாஜாபாத் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்குப் பெண்களை ஷிஃப்டுக்கு ஏற்றிப்போய், திரும்பக் கொண்டுவந்து இறக்கினார்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. வேனில் ஏறிய பெண்களில் பாதிப்பேர் அவரை அண்ணா என்றார்கள். மீதிப்பேர் அப்பா என்றார்கள். மாலை ஷிஃப்டு முடிந்து வரும்போது ஒரு பெண் சந்து முனையில் இறங்கினால், அவள் வீட்டுக் கதவு திறக்கும்வரை ஹெட்லைட்டைச் சந்துக்குள் அடித்துக்கொண்டு காத்திருப்பார். கதவு திறந்த பிறகே கியரைப் போடுவார். வேறு எந்த வேனும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பெண்கள் வேனில் தூங்க விரும்பினார்கள். நாள் முழுவதும் நின்றே வேலை செய்தவர்கள். அண்ணனின் ரேடியோ அவர்களைத் தூங்கவிடவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் கம்பெனி வாசலில் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் வேனை நிறுத்திப் பேசியதை, பின்னிருக்கையிலிருந்து முத்துலட்சுமி கேட்டிருக்கிறாள்.

"ஏகாம்பரம் அண்ணே, ரிப்பேர் ரேடியோல கீதா, உன் காதுல கீதா? ரேடியோன்னா சரி பண்ணிக்கோ. காதுன்னா வண்டிய வேற டிரைவர் கையில குடுத்துடு. மாசக் கடைசில மெடிக்கல் வெக்கறாங்க, தெரியும்ல?"

அண்ணன் அதைச் சாப்பாட்டின்போது எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ரசத்தை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கவில்லை.

பம்புசெட்டும் பிரஸ் ஷாப்பும்

ரேடியோ இரைச்சல் எங்கள் குடும்பத்துக்குப் புதியதல்ல. சிறுவயதில் எங்கள் வீட்டில் மர்பி கம்பெனியின் பெரிய மரப்பெட்டி ரேடியோ ஒன்று இருந்தது. கழனியில் யாராவது பம்புசெட்டைப் போட்டால் அதில் 'டக்' என்று ஓர் ஒலி விழும். ரைஸ்மில் ஓடத் தொடங்கினால் செய்திகள் உறுமலுக்குள் மூழ்கிவிடும். எங்கள் அப்பா செய்தியைக் கேட்டாரோ இல்லையோ, யார் இன்று நேரத்தோடு தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்பதை அதிலிருந்து தெரிந்துகொண்டார்.

ஆதலால் அடுத்தவர் இயந்திரம் நம் ரேடியோவில் ஒலிக்கும் என்பது எங்களுக்குச் சாதாரண விஷயம். வேன் இரைந்தபோதும் எங்கள் கண்கள் முதலில் வெளியேதான் போயின. ஒரகடத்தில் சாலைக்கு மேலே செல்லும் உயர் மின்கம்பிகளை அண்ணன் குறை சொன்னார். செல்போன் கோபுரத்தை அண்ணி குறை சொன்னார். ஆனால் எங்கள் புங்க மரத்தடியில் நின்றாலும் இரைச்சல் இருந்தது.

கழனி கம்பெனிகளுக்குப் போன பிறகு, அண்ணன் முதலில் சேர்ந்தது ஒரு பிரஸ் ஷாப்பில். கார்க் கதவுக்கான தகடுகளை அச்சில் அடித்து வடிவமாக்கும் இடம். ஒருமுறை சாப்பாடு கொடுக்கப் போனபோது வாசலில் நின்றே உள்ளே பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் என் வளையல்கள் அதிர்ந்தன. உள்ளே இருந்தவர்கள் கை ஜாடையில் பேசிக்கொண்டார்கள். சிலர் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். அண்ணன் வைக்கவில்லை. "பஞ்சு வெச்சா மிஷின் சவுண்டு மாறுறது தெரியாது. வெரலு பூடும்" என்றார்.

பிரஸ் ஷாப் ஆட்கள் எல்லோருமே உரக்கப் பேசுவார்கள். டீக்கடையில் நான்கு பேர் அமர்ந்திருந்தால் சண்டை நடக்கிறது என்று நினைத்து ஆள் கூடிவிடும். சொந்தக் காலில் நிற்கிற தெம்பு அப்படிப் பேச வைக்கிறது என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அந்த வேலையைப் பல ஆண்டுகள் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் வேன் வாங்கினார்.

அணைக்காத விளக்கு

முத்துலட்சுமிக்குக் கோவில்பட்டிப் பக்கம். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் லைனில் வேலை. எங்கள் மாடியில் வேறு இரண்டு பெண்களோடு தங்கியிருந்தாள். வந்த முதல் நாளே அண்ணனை 'அண்ணாச்சி' என்றும் அண்ணியை 'மதினி' என்றும் அழைத்தாள்.

"அண்ணாச்சியா? இவரு இன்னா மளிகைக் கடையா வெச்சிருக்காரு?" என்று அண்ணி சிரித்தது நினைவிருக்கிறது.

"எங்க ஊர்ல மரியாதைக்குச் சொல்லுவோம் மதினி."

"அப்பிடின்னா சொல்லு. இந்த வூட்ல அவருக்கு அது கொஞ்சம் கம்மியாத்தான் கெடைக்குது."

சூப்பர்வைசர் பேசியதற்கு அடுத்த ஞாயிறு, காகங்கள் பறந்த அதே காலை, அவளே கீழே வந்தாள். "அண்ணாச்சி, சத்தம் எங்குட்டு இருந்து வருதுன்னு பாத்துருவோம். லைன்ல நாங்க தினமும் செய்யுறதுதான். ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்கணும், அவ்வளவுதான்."

நூலகத்தில் ரேடியோ பழுதுநீக்கம் பற்றிய பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று இருந்தது. யாரும் எடுக்காததால் ஏடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, மரத்தடியில் நாற்காலி போட்டு, படித்துச் சொன்னேன். இரைச்சல் ரேடியோவுக்குள் இரண்டு வழிகளில் வரலாம் என்றது புத்தகம். காற்று வழியாக ஏரியலில் நுழையலாம். மின்சாரம் தரும் ஒயர் வழியாகவே நுழையலாம். எந்த வழி என்று அறிய, ஏரியலைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

முத்துலட்சுமி ரேடியோவை வெளியே இழுத்து ஏரியல் ஒயரைப் பிடுங்கினாள். அப்பளம் பொரிவது நின்றது. ஊளை நிற்கவில்லை.

"அப்ப ரெண்டும் வேற வேற சவம்" என்றாள். 'சவம்' என்ற சொல்லைக் கேட்டு அண்ணி திடுக்கிட்டார். அவள் ஊரில் அது வெறும் சலிப்பு என்று நான் விளக்கினேன்.

ஊளை, டைனமோவிலிருந்து ஒயர் வழியாக வந்தது. காரணம் எளிதாகவே கிடைத்தது. ரேடியோவின் எர்த் ஒயரை யாரோ பெயின்ட் அடித்த தகட்டின் மேலேயே திருகி வைத்திருந்தார்கள். முத்துலட்சுமி உப்புத்தாளால் பெயின்டைத் தேய்த்தெடுத்து, தகடு பளபளத்த பிறகு ஒயரை முறுக்கினாள். ரேடியோவுக்கு மின்சாரம் வரும் ஒயரில், வாலாஜாபாத் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலிருந்து அண்ணன் வாங்கிவந்த சிறிய ஃபில்டரைச் சேர்த்தாள். என்ஜினைப் போட்டு மிதித்தபோது ஊளை அடங்கியிருந்தது. அண்ணன் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தார்.

அப்பளம் பொரிவது மட்டும் பிடிபடவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் திருப்பினாலும் அது வந்தது. புத்தகத்தின்படி வண்டியில் மின்சாரத்தில் இயங்கும் எல்லாவற்றையும் அணைத்தோம். மின்விசிறி, செல்போன் சார்ஜர், உள்விளக்குகள். பிறகு, ரேடியோவினுடையதைத் தவிர மற்ற ஃபியூஸ்களையே ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். "எல்லாம் அணைச்சாச்சு" என்று அண்ணன் சொன்னார். "எல்லாம்தான்" என்று நானும் சொன்னேன். படபடப்பு அப்படியே இருந்தது.

கடைசியில் முத்துலட்சுமி என் கணவர் விட்டுச்சென்ற கையடக்க ரேடியோவைக் கேட்டு வாங்கினாள். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை நகர்த்துவதுபோல டாஷ்போர்டின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். மீட்டர் அருகே முனகியது. சார்ஜர் அருகே பேசாமல் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் வந்ததும் பெருங்குரலெடுத்துக் கத்தியது.

வல்லக்கோட்டையில் வாங்கிய முருகன் படம். படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகச் சிறு விளக்குகள் வளைய வந்துகொண்டிருந்தன. ஆயுத பூஜையன்று அண்ணி தம் கையால் ஏற்றிவைத்தது. எப்போதும் எரிய வேண்டும் என்பதற்காக ஸ்விட்சும் ஃபியூஸும் இல்லாமல் நேரே இணைத்தது. காலை முழுவதும் எங்கள் கண்ணெதிரே அது சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் அணைத்தாயிற்று என்று அதைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம். சாமி விளக்கு, அணைக்க வேண்டிய பொருள்களில் ஒன்றாக எங்களில் எவருக்குமே தோன்றவில்லை.

"முருகனா?" என்றார் அண்ணி.

"முருகன் இல்ல மதினி. முருகனுக்குப் பின்னால இருக்கிற சைனா சர்க்கூட்டு."

அண்ணி உள்ளே போய்க் கற்பூரம் எடுத்து வந்தார். காட்டிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்த ஒயரைத் தாமே பிடுங்கினார். படபடப்பு நின்றது. அதற்குப் பதிலாகச் சாதாரணச் சிறு பல்பு ஒன்றை முத்துலட்சுமி மாட்டினாள். அது சுற்றவில்லை, நிறம் மாறவில்லை. மஞ்சளாக எரிந்தது. "இதுதான் முருகனுக்கு நல்லா கீது" என்று அண்ணி தீர்ப்புச் சொன்னார்.

ஒரகடம் சாலையில்

சாப்பிட்டதும், வண்டியை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அண்ணன் சொன்னார். அவ்வளவு உற்சாகமாக அவரை நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை. முத்துலட்சுமி முன்னிருக்கையில் ஏறினாள். அண்ணியும் நானும் அவர்களுக்குப் பின்னால். ஒரகடம் கூட்டுச்சாலையைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் திரும்பினோம். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீண்ட டிரெய்லர்கள் ஓரமாக வரிசையில் நின்றன. வெயில் அவற்றின் கண்ணாடிகளில் பட்டு எங்கள் வேனுக்குள் வந்து வந்து போனது.

ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அண்ணன் வழக்கமாக வைக்கும் அளவில் இருந்ததால், இரைச்சல் நீங்கிய பாட்டு எங்கள் நெஞ்செலும்பில் வந்து மோதியது. முத்துலட்சுமி சிரித்துக்கொண்டே கையை நீட்டி ஒலியைக் குறைத்தாள்.

இப்போதும் அந்த நிமிடத்தை என்னால் கேட்க முடிகிறது. ஒரு பெண் குரல் நேயர் ஒருவரின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னது. ஊர்ப் பெயரைச் சொன்னது. பின்னணியில் புல்லாங்குழல் ஒலித்தது. அவள் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாக விழுந்தது. நான்கு பேர் பேசிக்கொண்டே கேட்கக்கூடிய அளவில், நல்ல வீட்டில் ஒலிப்பதுபோல ஒலித்தது.

"ஏம்மா நிறுத்திட்ட? இன்னொரு வாட்டி போடு" என்றார் அண்ணன்.

முத்துலட்சுமியின் கை ரேடியோவின் மேலேயே நின்றது. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் அண்ணி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். எங்கள் முகங்களில் என்ன கண்டாரோ, இண்டிகேட்டர் போட்டு, ஓர் இளநீர்க் கடைக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினார்.

என்ஜினை நிறுத்தினார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வலது உள்ளங்கையைக் கதவிலிருந்த ஸ்பீக்கர் சல்லடையின் மேல் மெதுவாக வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

"ஓடுது" என்றார். "எப்பத்துலருந்து?"

"நிக்கவே இல்லய்யா" என்றார் அண்ணி. கேட்கும்படி உரக்கத்தான் சொன்னார்.

இளநீர் வெட்டுபவர் எட்டிப்பார்த்து எத்தனை வேண்டும் என்று கேட்டார். அண்ணி நான்கு என்றார். கையில் வாங்கியவற்றைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் பேசியவர் அண்ணிதான். "அவ்ளோ சின்னதா வெச்சா யாருக்குத்தான் கேக்கும்? எனக்கே சரியா கேக்கல. மெடிக்கல்னா இன்னா பண்ணப் போறான், பி.பி. பாத்துட்டு சைனு போட்டுடுவான். போன வாட்டி அதானே பண்ணான்? ரேடியோ ரிப்பேராச்சு, சரி பண்ணியாச்சு. அவ்ளோதான் பேச்சு."

அது நடந்திருக்கக்கூடியதுதான். வேனில் அன்று நாங்கள் நால்வர் மட்டுமே இருந்தோம். நாங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அண்ணன் முத்துலட்சுமியின் பக்கம் திரும்பினார். அவள் வாயைப் பார்க்கத் திரும்பினார் என்று இப்போது தெரிகிறது.

"நீ சொல்லு. நாளைக்குக் காலைல என் வண்டில ஏறுவியா?"

அவள் இளநீர்க் குழலை விரலால் மடித்தாள், நிமிர்த்தினாள். "ஏறுவேன் அண்ணாச்சி. எப்பவும் ஏறுவேன்."

"ஏறுவ. ஏறி உக்காந்து தூங்கிடுவ" என்றார் அண்ணன். "அதான் எனக்கு பயமா கீது."

திரும்பும்போது ரேடியோ அணைந்திருந்தது. அண்ணன் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். பின்னால் லாரி ஏதும் வருகிறதா என்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வந்தபோதெல்லாம் அவர் தோளைத் தொட்டேன். அவர் தலையசைத்துவிட்டு இடப்பக்கம் ஒதுங்கினார். வீடு வரும்வரை அப்படியே வந்தோம்.

சாவி

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு, அண்ணனுக்குப் பதிலாக வண்டி ஓட்ட ஓர் ஆக்டிங் டிரைவர் வந்தார். குன்றத்தூர்க்காரர், இளைஞர். அண்ணன் வண்டியைக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, எந்தப் பெண் எங்கே ஏறுவாள், எவள் எப்போதும் தாமதமாக ஓடிவருவாள், எவளுக்கு ஜன்னலோரம் இல்லாவிட்டால் தலை சுற்றும் என்று நீண்ட நேரம் சொன்னார். அந்த இளைஞர் பாதியில் கேட்பதை நிறுத்திவிட்டதை நான் கவனித்தேன். அண்ணன் கவனிக்கவில்லை.

அன்றைக்கே அவர் சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டார். "ரிப்பேரு காதுலதான் கீதுப்பா" என்றார். அந்தப் பக்கம் சொன்னது அவருக்குப் புரியாததால் ஃபோனை என்னிடம் நீட்டினார். "அண்ணனை வந்து பாக்கறேன்னு சொல்லுங்கக்கா" என்றார் சூப்பர்வைசர். வந்தார். தின்பண்டப் பொட்டலத்தோடு வந்து, டீ குடித்து, எதைப் பற்றியும் பேசாமல் போனார்.

காஞ்சிபுரத்தில் காதுப் பரிசோதனை நடந்தது. பிரஸ் ஷாப்பில் எத்தனை ஆண்டு இருந்தீர்கள் என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. கருவி கொடுத்தார்கள். அதை மாட்டினால் தோசைக்கல்லின் சத்தம் சம்மட்டியாக விழுகிறது என்று அண்ணன் கழற்றி வைத்துவிடுவார். கல்யாணங்களுக்கு மட்டும் மாட்டிக்கொள்வார்.

அந்த ரேடியோவைச் சரிசெய்யாமலே விட்டிருந்தால் அவர் இன்னும் சில மாதங்கள் ஓட்டியிருப்பார் என்று அண்ணி ஒருமுறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அவிழ்ந்த தலைமுடியை முடிந்துகொண்டே, நடந்த கணக்கைப் பார்ப்பவர்போலச் சொன்னார். அண்ணன் ஓட்டாத வேன் சில ஆண்டுகள் அடுத்தவர் கையில் ஓடி, பிறகு விற்கப்பட்டது.

முத்துலட்சுமி கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். பொங்கலுக்கு வீடியோ காலில் வந்து, அண்ணாச்சிக்காக ஒவ்வொரு சொல்லையும் வாயைத் திறந்து நிதானமாகப் பேசுகிறாள். அண்ணி போன வருடம், காய்ச்சல் என்று படுத்த மூன்றாம் நாள் போய்விட்டார். இப்போது வீட்டில் அண்ணனும் நானும் இருக்கிறோம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் எழுந்துபோய் அவர் எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன்.